பழைய வீட்டுச் சுவரை நாமே கொத்திப் பூசினால் உடம்பு தாங்குமா?

காங்கயம் தோட்டத்தான்:
தோட்டத்தில் அப்பாரு கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியது. ஆசாரத்தில், அதாவது கூடத்தில், ஓதம் (தரை ஈரம்) ஏறி, உப்புப் பூத்து, காரை பெயர்ந்து விழுகிறது. தைக்கு முன்னால், காப்புக் கட்டுவதற்குள் சரி செய்துவிட ஆசை. நானும் தம்பியும் சேர்ந்து பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சிமெண்ட் பூசி, வெள்ளையடிக்கலாம் என்றிருக்கிறோம். தேங்காய் ஏற்றி இறக்குகிற உடம்புதான். வாய்க்கால் வெட்டுகிறோம், உர மூட்டை சுமக்கிறோம். கூலி மிச்சம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் கட்டிய சுவரில் எங்கள் கையும் பட வேண்டும் என்று தோன்றுகிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் "இடுப்பு போயிரும், ஆள் விட்டுச் செய்" என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பெருந்துறை மேஸ்திரி மகன்:
வேண்டாமுங்க அண்ணா. முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, சன்னல் போக 400 என்று வைப்போம். 12 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினாலே கலவை ஏறக்குறைய 900 கிலோ ஆகும். பழைய சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் இன்னும் கூடும். கொத்தி எடுக்கிற காரையும் கிட்டத்தட்ட அதே எடைக்கு வந்து விழும். ஆக இரண்டு டன். அதையும் ஒரே தடவை தூக்கினால் போதும் என்று இல்லை. மணல் சலிக்க, மம்முட்டியில் புரட்ட, பாண்டில் அள்ள, சாரத்துக்கு மேலே கொடுக்க, சுவரில் அறைய என்று ஒவ்வொரு கிலோவும் நாலைந்து முறை கை மாறும்.

உர மூட்டை தோளில் ஏறினால் காலும் முதுகும் சேர்ந்து சுமக்கும். கரண்டியில் கலவையை அள்ளி அடிப்பது மணிக்கட்டும் தோள்பட்டையும் செய்கிற வேலை. தோட்ட வேலையில் அந்தப் பழக்கம் வராது.

திருப்பூர் ஓவர்லாக்:
எதற்கெடுத்தாலும் ஆள் கூப்பிட வேண்டும் என்பவர்களை எனக்குப் புரியவில்லை. நான் பனியன் கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்காருகிறவன். எங்கள் வீட்டுச் சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தது நானும் என் மச்சானும்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை. தோள் வலித்தது, தூங்கி எழுந்ததும் சரியானது. எந்தச் சுவர் எங்கே கோணல், எந்த மூலையில் தண்ணீர் இறங்குகிறது என்பதெல்லாம் இன்று எனக்குத் தெரியும். அண்ணா, நீங்கள் தாராளமாக இறங்குங்கள். இரண்டு டன்னை ஒரே நாளில் தூக்கச் சொல்லி யார் விரட்டுகிறார்கள்?

பெருந்துறை மேஸ்திரி மகன்:
கலவை விரட்டும். பெயிண்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறக்கலாம், சிமெண்ட் அப்படி இல்லை. தண்ணீர் ஊற்றிய அரை மணி நேரத்துக்கு முன்னால் இறுகக் கூடாது என்பதுதான் தர விதி. அதைத் தாண்டினால் அதன் இஷ்டம். ஒரு சுவரைத் தொடங்கினால் அதே மூச்சில் முடித்து, மட்டக்கோல் இழுத்துச் சமப்படுத்தி, மணியாசுக் கட்டை என்கிற மரப்பலகையைப் போட்டுத் தேய்க்க வேண்டும். கை சோர்ந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட இடத்தில் விரிசல் விடும். அனுபவம் இல்லாதவர் உடம்பு கெடுவது அந்த அவசரத்தில்தான்.

அப்பாவுக்கு இன்று முழங்கால் மடங்காது. சிமெண்ட் தின்ற விரல்களில் ரேகை இல்லை, ரேஷன் கடை மெஷின் எடுக்காது. தொழில் போய்விடும் என்று பேசவில்லை. பார்த்து வளர்ந்ததால் சொல்கிறேன்.

நம்பியூர் அக்கா:
தம்பிகளா, ஒரு கேள்வி. "நாங்களே செய்கிறோம்" என்கிறீர்கள். தண்ணீர் எடுப்பது யார்? கொத்திப் போட்ட காரையைக் கூட்டி அள்ளிக் கொட்டுவது யார்? எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் தரை போட்டார்கள். ஊரே புகழ்ந்தது. மண் அள்ளியது நானும் என் ஓரகத்தியும். அதற்கு நடுவே மாட்டுக்குத் தீவனம் வைத்து, பால் கறந்து ஊற்றி, எல்லோருக்கும் சோறாக்கியதும் நாங்கள்தான். கூலிக்கு வந்தாலும் இதே கதைதான். நாளெல்லாம் சும்மாடு வைத்துச் சுமக்கிற சித்தாளுக்குக் கொத்தனாரைவிட எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். உடம்பு தாங்குமா என்று கேட்டால், யார் உடம்பு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஈரோடு இயன்முறை:
இயன்முறை சிகிச்சை பார்க்கிறேன். மூட்டை பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஓர் ஆண் தொழிலாளி சுமக்க அனுமதிக்கிற எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கில், எல்லாம் வசதியாக இருக்கிற நிலையிலேயே 23 கிலோதான் தொடக்க அளவு. உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தாலோ, திரும்பிக்கொண்டு தூக்கினாலோ, தரையிலிருந்து எடுத்தாலோ அதுவும் குறையும். பிரிட்டனில் 25 கிலோ மூட்டைதான் வழக்கம். அதனால் மூட்டையை வண்டியிலிருந்து இருவராக இறக்குங்கள். கலக்கும் இடத்திலேயே பிரித்து, பாண்டில் அரைப் பாண்டாக எடுங்கள்.

வேலை செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சதை வலிப்பது இயல்பு, தானாகப் போகும். இடுப்பிலிருந்து காலுக்குச் சுரீர் என்று இறங்கினாலோ, கால் மரத்தாலோ அன்றே நிறுத்த வேண்டும், அதற்கு மேல் வைராக்கியம் கூடாது. தலைக்கு மேல் கையை வைத்துச் செய்கிற வேலை, அதாவது மேல் சுவர் கொத்துவதும் கூரைப் பக்கம் அடிப்பதும், எடை குறைவாகத் தெரிந்தாலும் கழுத்தையும் தோளையும் சீக்கிரம் அசத்திவிடும். திருப்பூர்த் தம்பிக்கு வந்த தோள்வலி அதுதான்.

ஈரச் சிமெண்ட் கடும் காரம், கையுறை இல்லாமல் தொட வேண்டாம். காரை கொத்தும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே கொத்துங்கள், நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள். மணல் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது.

அந்தியூர் பொறியாளர்:
எல்லோரும் தூக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எவ்வளவு தூக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். ஓதம் தரையிலிருந்து ஏறுகிறது. மூன்றடி வரை ஏறியிருந்தால் அந்த மூன்றடியையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் கொத்தினால் போதும். மேல் பூச்சைத் தட்டிப் பாருங்கள், உள்ளே பிடிப்பு விட்டிருந்தால் வருகிற பொள்ளல் சத்தம் வராத இடத்தைத் தொடவே வேண்டாம். இரண்டு டன் என்று போட்ட கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். சாரமும் தேவைப்படாது.

இன்னொன்று, மண் சாந்துச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உப்பு அங்கே போய்ப் பூக்கும், பட்ட பாடெல்லாம் வீண். ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்த சுண்ணாம்புக் கலவை போடுங்கள். தண்ணீர் விட்டு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பில் கலந்ததை ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தால் மறுநாளும் எடுத்துப் பூசலாம். மெல்ல இறுகுவதால் ஓய்வெடுத்துச் செய்ய முடியும். மேஸ்திரி மகன் சொன்ன அவசரம் இதில் இல்லை. சுண்ணாம்புக்கல்லை நீங்களே நீற்ற வேண்டாம், கொதித்துக் கண்ணில் தெறிக்கும். நீற்றியதையே வாங்குங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் வெளிச்சுவரை ஒட்டி மேடேறிக் கிடக்கிற மண்ணை வெட்டி இறக்கி, மழைத்தண்ணீர் விலகிப் போக வாய்க்கால் எடுங்கள். அது உங்களுக்குப் பழகிய வேலைதானே.

பெருந்துறை மேஸ்திரி மகன்:
மூன்றடி என்றால் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பு இறுக வாரக்கணக்கில் ஆகும். மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று போட வேண்டும், வாடைக்காற்றில் சட்டென்று காயாமல் சாக்குக் கட்டி நனைக்க வேண்டும். தைக்குள் முடியுமா என்பது சந்தேகம்தான். முதல் சுவருக்காவது சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் யாரையாவது கூலி கொடுத்துக் கூட்டிவந்து பக்கத்தில் நின்று பாருங்கள். கரண்டி பிடிக்கிற விதத்தை எழுதிச் சொல்ல முடியாது.

திருப்பூர் ஓவர்லாக்:
பார்த்தீர்களா, ஆள் வேண்டும் என்பதிலேயே வந்து நிற்கிறார். ஒரு சுவர் கோணலாகப் போனால்தான் என்ன? சொந்த வீடு, அடுத்த சுவர் நேராக வரும்.

காங்கயம் தோட்டத்தான்:
தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். வடக்குச் சுவர் இடுப்பளவு பொள்ளல், மற்ற மூன்றும் முழங்கால் உயரம்தான். வெளியே மண் திண்ணை மட்டத்துக்கு ஏறிக் கிடக்கிறது, இந்த வாரம் அதை வெட்டுகிறோம். சென்னிமலைப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவர் இருப்பதாக மாமா சொன்னார், வடக்குச் சுவருக்கு அவரைக் கேட்கப் போகிறேன். தைக்குள் முடியாவிட்டால் சித்திரைக்குப் போகட்டும். அக்கா, காரை அள்ளுவது நானும் தம்பியும். தண்ணீருக்குப் போரிலிருந்து ஓஸ் போட்டுவிடுகிறோம். வேலை நடக்கிற நாளில் பால் கறப்பதும் என் பொறுப்பு.

நம்பியூர் அக்கா:
சரி தம்பி. சோறு?