அந்தக் கள்ளுக்கடைப் படம்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பீடோங் மகள்:
படத்தின் பெயர் தேவையில்லை. தீபாவளிக்குப் பிறகு மலேசியாவில் நம் கெடா பக்கம் எல்லாரும் பேசியது அதைத்தான். ரப்பர் தோட்டத்துக் குடியைப் பற்றிய படம் என்றதும் அம்மாவே சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார், சுங்கை பட்டாணிக்கு அழைத்துப் போனேன்.

கதாநாயகி உச்சி வெயிலில் பால் வெட்டுகிறாள். "இந்நேரத்துக்கு எந்த மரம் பால் குடுக்கும்?" என்று அம்மா சத்தமாகவே கேட்டார். விடியுமுன் நெற்றி விளக்கோடு தன் மர நிரைக்குப் போனவர் அவர். அதைக்கூட விட்டுவிடலாம். ஓய்வுபெற்ற வாத்தியார் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று பேசுவாரே, அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. "குடிச்சுக் குடிச்சே உங்க பிள்ளைங்க வாழ்க்கையை அழிச்சீங்க" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பின்னால் வயலின். எதிரே அத்தனை பெண்களும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறார்கள், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து, "நான் எப்ப குடிச்சேன்?" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சுங்கை பட்டாணி வாசகர்:
எனக்கு அந்தச் சோற்றுப்பானை. அப்பா எட்டி உதைக்கிறார், சோறு சிதறுகிறது, பிள்ளை உட்கார்ந்து பொறுக்குகிறது. ஒருமுறை காட்டியிருந்தால் நெஞ்சில் நின்றிருக்கும். அதையே மெதுவாக ஓட்டி, அப்புறம் கனவில் காட்டி, வாத்தியார் பேச்சுக்கு நடுவிலும் கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் அழுத என் மனைவி கடைசியில் கைப்பேசியில் மணி பார்த்தார். அழ வைத்ததை அவர்களே கெடுத்துவிட்டார்கள்.

கூலிம் ஆசிரியர்:
அக்கா, உங்கள் அம்மா குடிக்கவில்லை. என் அப்பா குடித்தார். சம்சு, அந்த மலிவுச் சாராயம். இந்தப் படத்தைத் திட்டுகிறவர்கள் குடி இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களோ என்று தோன்றுகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் இன்றும் அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் வருகிறார்கள். யாராவது சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் முடிவு என்னையும் ஏமாற்றிவிட்டது. வாத்தியார் பேசியதும் அப்பா பாட்டிலைப் போட்டு உடைக்கிறார், திருந்துகிறார். என் அப்பா மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். திருவிழா முடிந்தது. கயிறு நைந்துபோய் மணிக்கட்டில் தொங்க, அதே கையால் கிளாஸைத் தூக்கினார். "சத்தியம் பண்ணீங்களேப்பா" என்றேன். "ஆமாய்யா" என்றார், குடித்தார். அந்த 'ஆமாய்யா' படத்தில் எங்கே?

செமிலிங் அண்ணன்:
கூலிம் தம்பி, உங்கள் அப்பா கதை மனசைப் பிசைந்துவிட்டது. ஆனால் 'யாராவது சொல்லத்தான் வேண்டும்' என்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோட்டத்து ஜனங்களே சொன்னார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. போர் முடிந்து 1946, 47இல் இதே கெடாவில் கள்ளை எதிர்த்துத் தொண்டர் படை கிளம்பியது. பீடோங்கிலேயே கள்ளுக்கடை மறியல் நடந்து போலீஸோடு மோதலானது. படத்தின் கதையும் கெடாத் தோட்டத்தில்தான் நடக்கிறது. அதில் கள்ளை எதிர்த்த தொழிலாளி ஒருவர்கூட இல்லை. கடைக்கு உரிமம் கொடுத்தது அரசாங்கம், கடை இருந்தது தோட்டத்து எல்லைக்குள். வாத்தியார் துரையின் பங்களாப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை பேசினாரா?

என் அனுபவம் சின்னதுதான். வீடு திரும்பும்போது மகன், "அவங்க ஏன்பா வேற வேலைக்குப் போகல?" என்று கேட்டான். இந்தப் படத்தைப் பார்த்த பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? வேலையை விட்டால் லயத்து வீடும் போய்விடும் என்று ஒரு காட்சியிலும் காட்டவில்லையே.

இனிமேல் தோட்டத்துப் படம் எடுக்கிறவர்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து தொடங்கட்டும். வெட்டத் தெரிந்த ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிய வேண்டும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வேறு. மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைய கூலி போச்சு. வாசலில் நின்று வானத்தைப் பார்க்கும் ஒரு பெண்ணைக் காட்டினால் போதும், வயலினே வேண்டாம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதையும், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும் ஆள் தேவை குறைந்துபோனதையும், வீட்டைக் காலி பண்ணச் சொன்னதையும் காட்டுங்கள். அதற்குப் பிறகு அப்பா குடிக்கட்டும், ஏன் குடிக்கிறார் என்று பார்க்கிறவனுக்குப் புரியும். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வான 'ஜகாட்' படத்திலும் பிள்ளையை அடிக்கும் அப்பா உண்டு. அவரை என்னால் வெறுக்க முடியவில்லை.

கூலிம் ஆசிரியர்:
அண்ணே, 1941 சரி. என் அப்பா குடிக்க ஆரம்பித்தது தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்த பிறகு. அங்கே துரையும் இல்லை, மண்டோரும் இல்லை. அந்தக் கதையையும் எடுக்கச் சொல்லுங்கள்.

சுங்கை லாலாங்:
மண்டபத்தில் போட்ட அன்று நான் இருந்தேன். முடிந்ததும் எடுத்தவர்களிடம் கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஒரு பெரியவர் எழுந்து, "இது எந்தத் தோட்டம் தம்பி?" என்றார். "எல்லாத் தோட்டமும்தான் ஐயா" என்று பதில் வந்தது, கைதட்டல். அவர் உட்காரவில்லை. "எங்க தோட்டத்துல பள்ளிக்கூடத்துக்கு நாங்களே காசு சேர்த்துக் கூரை போட்டோம். குடிச்ச ஆளும் காசு குடுத்தான். அவனை ஏன் காட்டல?" என்றார். அதற்குள் மைக்கை அடுத்தவர் கைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதையும் அண்ணன் சொன்ன 1941, 47 விவரங்களையும் சேர்த்துப் படக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கூலிம் ஆசிரியர் சொன்னதையும் சேர்க்கலாம், அவர் சம்மதித்தால். கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த வார இறுதிக்குள் சொல்லுங்கள், கூலிமில் திரையிடும்போது நேரிலேயே கொடுத்துவிடலாம்.