பாம்பனில் 2006 இண்டிகோ மரினா டீசல், எடுக்கலாமா?

தங்கச்சிமடம்_நாற்று:
வணக்கம். எங்களுக்கு மல்லி நாற்றுப் பண்ணை. கன்றுக் கட்டுகளை உச்சிப்புளி, பரமக்குடி வரை கொண்டுபோகவும், வீட்டில் ஐந்து பேர் போய்வரவும் ஒரே வண்டியாக வேண்டும். பாம்பனில் ஒருவர் டாடா இண்டிகோ மரினா விற்கிறார், 90,000 சொல்கிறார். செல்ஃப் அடித்ததும் ஸ்டார்ட் ஆகிறது, ஏசி ஓடுகிறது, போன மாதம்தான் பெயிண்ட் அடித்தாராம், கண்ணாடி மாதிரி மின்னுகிறது. பின் சீட்டை மடக்கினால் கட்டுகள் எல்லாம் உள்ளே போய்விடும். அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. என்ன சொல்கிறீர்கள்?

பரமக்குடி_டீசல்:
இந்தக் காலத்தில் மரினாவா? பேசாமல் பழைய மாருதி ஈகோ வேன் ஒன்று பாருங்கள். விற்கும்போதாவது காசு வரும்.

மண்டபம்_டிங்கர்:
தம்பி, ஈகோவா மரினாவா என்பது அப்புறம். விற்கப்போகிறவர் எதற்குப் பெயிண்டுக்குச் செலவழிக்கிறார்? எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. நான் டிங்கர் வேலை பார்க்கிறவன். தீவின் உப்புக் காற்றில் ஓடிய வண்டிகளில் பட்டியை, அதாவது பெயிண்டுக்கு அடியில் பள்ளம் நிரப்பும் பசையை, சுரண்டினால் சில சமயம் பின்னால் துரு தின்று தகடே இருக்காது. செய்தித்தாளை ஒட்டி மேலே பட்டி பூசியதையும் பார்த்திருக்கிறேன்.

இன்ஜினை விடுங்கள். மரினாவின் இன்ஜின், கியர்பாக்ஸ் சாமான்கள் பெரும்பாலும் இண்டிகா, இண்டிகோவோடு ஒன்றுதான். ராமநாதபுரத்தில் பார்க்க ஆள் உண்டு, மதுரையில் பழைய பார்ட்ஸ் கிடைக்கும். பின்பக்கம்தான் தொல்லை. டிக்கி கதவு, அதன் கண்ணாடி, டெயில் லேம்ப் எல்லாம் மரினாவுக்கே உரியவை. 2004இல் வந்து சில வருடத்திலேயே நின்றுபோன வண்டி, இவற்றுக்கு அலைய வேண்டும். அந்தக் கதவின் அடி விளிம்பில்தான் துருவும் சீக்கிரம் பிடிக்கும்.

ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சக்கரத்துக்கு மேல் வளைவு, கதவுக்கு அடியில் ஓடும் சில், டிக்கி விளிம்பு, எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே பட்டி. பிறகு கால் மிதி விரிப்பைத் தூக்கித் தரையையும், கீழே குனிந்து ஜாக்கி வைக்கும் இடத்தையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள்.

தங்கச்சிமடம்_நாற்று:
போய்ப் பார்த்தேன் அண்ணே. வலது பின் வளைவில் காந்தம் நிற்கவே இல்லை. இடது சில்லில் பாதி தூரம் ஒட்டுகிறது, ஜாக்கி பக்கம் தட்டினால் சத்தமே மந்தமாக வருகிறது. காந்தத்தைப் பார்த்ததும் அவரே 65,000க்கு இறங்கிவிட்டார்.

மண்டபம்_டிங்கர்:
40,000க்குத் தந்தாலும் வேண்டாம். வளைவு மட்டும் என்றால் வெட்டித் தகடு வைத்துவிடலாம். சில் அப்படி இல்லை. இந்த வண்டிக்குத் தனியாகச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. சில் போனால் மடியில் கட்டின காசு மொத்தமும் வெல்டிங்குக்கே போகும்.

மரினாதான் வேண்டும் என்றால் சிவகங்கை, மதுரைப் பக்கமே ஓடிய வண்டியாகத் தேடுங்கள். புகை தள்ளினாலும் பரவாயில்லை, இன்ஜினைச் செய்துகொள்ளலாம். வாங்கியதும் இன்ஜினின் டைமிங் பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் முட்டி, இன்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். துருவின் மேலேயே கறுப்புக் கோட்டிங் அடிக்க யாரையும் விடாதீர்கள், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அரிக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகுதான் கோட்டிங். சில்லிலும் கதவடியிலும் தண்ணீர் வடியும் ஓட்டைகள் உண்டு, அவை அடைபடக் கூடாது.

கீழக்கரை_பழைய_கார்:
ஆர்.சி.யையும் (பதிவுச் சான்று) பாருங்கள். 15 வருடம் தாண்டிய காருக்கு ஐந்து ஐந்து வருடமாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள். 2006 வண்டி என்றால் முதல் புதுப்பிப்பும் முடிகிற நேரம். 2025 ஆகஸ்டில் மாற்றியபடி 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 10,000 ரூபாய், முன்பு 5,000. பசுமை வரி தனி. இதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

தங்கச்சிமடம்_நாற்று:
நன்றி பாய், நன்றி அண்ணே. பாம்பன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மானாமதுரையில் ஒரு வெள்ளை மரினா இருக்கிறதாம், கிளட்ச் போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கன்றுகளின் ஈர மண் டிக்கித் தரையில் சொட்டுமே, அதற்கு என்ன செய்ய?

மண்டபம்_டிங்கர்:
கார்ப்பெட்டைக் கழற்றிவிட்டு, ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் டிரே வைத்து அதில் அடுக்குங்கள். தனுஷ்கோடி பக்கம் போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கம் கழுவ வேண்டும். உப்பான போர்வெல் தண்ணீர் ஆகாது, மல்லிக்குப் பாய்ச்சுகிறீர்களே, அந்தத் தண்ணீரையே பிடியுங்கள்.