அப்பாவுக்கு வந்தது குடல் டிபி

காலையில் சாப்பிட்ட இட்லி சாயங்காலம் அப்படியே வெளியே வரும். அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. புளித்த ஏப்பம், வயிறு உப்புசம், அப்புறம் வாந்தி. எடுத்ததும் கொஞ்சம் நிம்மதி, ஆனால் மறுபடி சாப்பிடப் பயம். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார்.

எண்டோஸ்கோப்பியில் குழாய் இரைப்பையைத் தாண்டி டியோடினத்துக்குள் (சிறுகுடலின் முதல் பகுதி) போகவே இல்லை. வழி அவ்வளவு சுருங்கிக் கிடந்தது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோர் மனதிலும் புற்றுநோய்தான். பயாப்ஸியில் 'நாள்பட்ட அழற்சி' என்று மட்டும் வந்ததும் பெரியப்பா பழநிக்கு நேர்ந்துகொண்டார். டாக்டருக்குத்தான் திருப்தியில்லை.

சி.டி. ஸ்கேனில் டியோடினச் சுவர் தடித்திருந்தது, பக்கத்தில் நெறிக்கட்டிகள். டிபியாக இருக்கலாம் என்றார். இருமலே இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம், பிறகு எப்படி என்று கேட்டேன். குடலில் டிபி வருகிற பலருக்கு நுரையீரலில் ஒன்றுமே தெரியாதாம். வயிற்று டிபி பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில்தான் வரும். மேலே, இரைப்பைப் பக்கம், அமிலம் இருக்கிறது, சாப்பாடும் அதிக நேரம் தங்காது, அதனால் அங்கே அபூர்வம். வந்தாலும் உள்தோலுக்கு அடியில் பதுங்கிக்கொள்வதால் மேலாகக் கிள்ளிய சதையில் சிக்காமல் போகலாம். இரண்டாவது தடவை ஒரே இடத்தில் ஆழமாக எடுத்து சிபிநாட் பரிசோதனைக்கும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) அனுப்பினார்கள். அதில் அகப்பட்டது.

ஆறு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று. அரசு சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம். சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் (2024 நவம்பருக்கு முன்பு 500). சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து அம்மா பதறிவிட்டார். ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம்தான் அது, பயப்பட ஒன்றுமில்லை. சுருக்கம் மட்டும் மருந்தில் முழுதாக விடவில்லை, பலூன் வைத்து விரித்தார்கள். ஆபரேஷன் தேவைப்படவில்லை. இப்போது பரோட்டா கேட்கிறார்!

பதில்:

எங்கள் வீட்டில் இது உணவுக்குழாயில் வந்தது. மாமியாருக்கு எதை விழுங்கினாலும் நடு நெஞ்சில் வலி. அல்சர் என்று நினைத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் பார்த்தால், நெஞ்சுக்குள் இருந்த நெறிக்கட்டி அரித்து, உணவுக்குழாய்ச் சுவரில் புண்ணாகியிருந்தது. அவருக்கும் இதே ஆறு மாத மருந்துதான். அந்த மருந்துகளில் ஒன்றான எத்தாம்புட்டால் சாப்பிடும்போது பார்வை மங்கினாலோ சிவப்பு, பச்சை சரியாகத் தெரியாவிட்டாலோ உடனே வரச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்தீர்களா?