வஞ்சிரத்துக்குக் கிலோவுக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம்?

மந்தைவெளி கேட்டது:

வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் வஞ்சிரம் வறுவல் என்றால் உயிர். மாதத்தில் இரண்டு ஞாயிறு வாங்குகிறோம். மார்க்கெட்டில் 3 கிலோ முழு மீன், கிலோ 950 சொல்கிறார்கள், வெட்டுக்கூலி தனி. வீட்டுப் பக்கத்துக் கடையில் சுத்தம் செய்த துண்டு கிலோ 1,400. முழு மீன்தான் லாபமா? எந்த விலை தாண்டினால் அன்றைக்கு விட்டுவிடலாம்? வஞ்சிரமே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தராசு:

முழு மீன் விலையையும் துண்டு விலையையும் நேராக ஒப்பிடக் கூடாது சகோ. 3 கிலோ மீனை எடுத்துக்கொள்ளுங்கள். குடல், செவுள் சேர்ந்து 300 கிராம் வரை போகும். தலை 400 முதல் 450. வால், துடுப்பு 100 சொச்சம். வறுக்கிற துண்டாகக் கையில் வருவது ஏறக்குறைய 2.1 கிலோ. அதிலும் வால் பக்கத்துத் துண்டுகள் சின்னதாக இருக்கும்.

மீன் 2,850, வெட்டுக்கூலி 150 என்று வைத்தால் 3,000 ரூபாய். அதை 2.1 ஆல் வகுத்தால் துண்டு கிலோ 1,430 ஆகிறது. ஆக, அந்தக் கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை.

முழு மீனில் லாபம் என்பது தலையில்தான். தலையும் வாலும் குழம்புக்குப் போகும் வீடு என்றால் முழு மீன் வாங்குங்கள். தலையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் துண்டாகவே வாங்கலாம். இன்னொன்று: எடை போட்ட பிறகுதான் வெட்டுவார்கள். தலையையும் பையில் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

உச்ச விலையைக் கிலோவில் யோசிக்காமல் துண்டில் யோசியுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் ஒரு நடுத்துண்டு 100 முதல் 120 கிராம். கிலோ 1,400 என்றால் துண்டு 140 முதல் 170 ரூபாய். ஆளுக்கு இரண்டு போட்டால் ஒரு வேளைக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆளுக்கு ஒரு நல்ல நடுத்துண்டு வறுவல், குழம்புக்குச் சங்கராவோ மத்தியோ என்று பிரித்தால் அதே காசில் ஆசையும் தீரும், வயிறும் நிறையும். புளிக்குழம்பில் போட்டால் வஞ்சிரத்தின் தனி ருசி பாதி அமுங்கிவிடும். அதற்கு இந்த விலை கொடுக்க எனக்கு மனம் வராது.

முத்துநகர்:

குழம்பு விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணாச்சி. தேங்காய் அரைத்துவிட்டு நெய்மீன் (வஞ்சிரம்தான்) குழம்பு வைக்கிற ஊர்ப்பக்கம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். மற்றக் கணக்கெல்லாம் சரி.

விலை எவ்வளவு என்பதற்கு முன்னால் எப்படிப் பிடித்த மீன் என்று கேளுங்கள். தூண்டில் மீன் உயிரோடு படகுக்கு வரும், உடனே ஐஸுக்குப் போகும். வலை மீன் சிக்கிய இடத்திலேயே செத்து, வலை இழுக்கிற வரைக்கும் தண்ணீரில் கிடக்கும். அதனால் சதை சீக்கிரம் தளரும், வலை அறுத்த தழும்பும் தோலில் இருக்கும். தூண்டில் மீனுக்குக் கிலோவுக்கு நூறு, நூற்றைம்பது கூடக் கேட்டாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்போ சாம்பலோ கூடாது. முதுகுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். வெட்டிய துண்டு என்றால் நடுமுள்ளைச் சுற்றிப் பாருங்கள். அங்கே சதை முள்ளை விட்டு விலகியிருந்தால் பழசு.

எடையும் முக்கியம். 3 முதல் 6 கிலோ வரை உள்ள மீன்தான் வறுவலுக்கு எடுப்பு. ஒரு கிலோவுக்குக் கீழே உள்ள குட்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் கொழுப்பு ஏறியிருக்காது, கல்லில் போட்டால் சக்கையாகிவிடும்.

உப்புக்காற்று:

மலிவாகக் கிடைக்கிற பழைய வஞ்சிரத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் எல்லாம் ஒரே குடும்பம். இவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது உண்டான பிறகு வறுத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு தடிக்கும். வாயில் வைத்ததும் மிளகு கடித்தது போல் சுருக்கென்று இருந்தால் அந்தத் துண்டை அப்படியே வைத்துவிடுங்கள். மதியம் ஐஸ் உருகின தட்டில் பாதி விலைக்குத் தருகிற மீன் வேண்டவே வேண்டாம்.

நியாயமாக விலை இறங்குகிற நாட்கள் உண்டு. புரட்டாசி முழுக்கப் பல வீடுகளில் கவிச்சி கிடையாது. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வாங்க மாட்டார்கள். வாரத்தில் செவ்வாய், வெள்ளி. ஞாயிறு காலைதான் எல்லாரும் போய் நிற்கிற நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு கொண்டுவருவதும் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வருவதும்தான் கிடைக்கும். அப்போது விலை ஏறும், நாள்பட்ட மீனும் கலக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு உங்கள் முறையை மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.

மந்தைவெளி:

எல்லாருக்கும் நன்றி. இன்னொரு கடையில் துண்டு 900க்குத் தருகிறார்கள், தோல் உரித்தது. வாங்கலாமா?

முத்துநகர்:

தோல் உரித்ததை வாங்காதீர்கள். வஞ்சிரத்துக்கு அடையாளமே தோல்தான். வெள்ளி நிறத்தில், மேலிருந்து கீழாக நெளிந்த மெல்லிய சாம்பல் கோடுகள். செதில் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, தடவினால் வழவழவென்று இருக்கும். சென்னையில் சீலா என்று விற்கிற மீனைத் துண்டு போட்டால் வஞ்சிரம் போலவே இருக்கும். ஆனால் அதற்குச் செதில் பெரிசு, சுரண்டிய பிறகும் வலைப்பின்னல் போலத் தடம் நிற்கும். எங்கள் பக்கம் சீலா என்றால் வஞ்சிரத்தையே சொல்வோம், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. அதனால் பெயரை நம்பாமல் தோலைப் பாருங்கள். கடல் விராலும் வஞ்சிரம் என்று போகும், அதன் தோல் கருத்து, தடித்திருக்கும். கடல் விரால் நல்ல மீன்தான், கடல் விரால் என்று சொல்லி விற்றால் வாங்குங்கள்.

தராசு:

இவ்வளவு கொடுத்து வாங்கியதைக் கல்லில் கெடுத்துவிடாதீர்கள். 800 கிராமுக்கு மிளகாய்த்தூள் 3 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரை, உப்பு ஒன்றரை, இஞ்சி பூண்டு விழுது 2, எலுமிச்சை அரைமூடி. 20 நிமிடம் ஊறினால் போதும். காலையில் தடவி மதியம் வரை வைத்தால் எலுமிச்சைப் புளிப்பிலேயே சதை வெளுத்து, வறுக்கும்போது உதிரும். இரும்புக்கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்றரை, நாலு நிமிடம். முள்ளை ஒட்டிய சதை வெளுத்ததும் எடுத்துவிடுங்கள்.

மீதித் துண்டுகளைக் கழுவி, ஈரம் ஒற்றி, ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். மசாலா தடவி வைப்பதானால் எலுமிச்சை மட்டும் சேர்க்காதீர்கள். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விடுங்கள். வெந்நீரில் போட்டால் வெளிச்சதை குழைந்து, நடுவில் கட்டியாகவே நிற்கும்.