மீள்மாறியா, பொதுமாறியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நிகழ்வின் மாறிகளை அவற்றின் பரிமாணங்களை வைத்தே தொடர்புபடுத்துவது பரிமாணப் பகுப்பாய்வு. அதில் பக்கிங்காமின் பை தேற்றப்படி (1914) கணக்குப் போடும்போது, மாறிகளைப் பெருக்கியும் வகுத்தும் அலகே மிஞ்சாத பரிமாணமற்ற கோவைகளாக்குகிறோம். ஒவ்வொரு கோவையிலும் வரட்டும் என்று சில மாறிகளை முதலிலேயே எடுத்து வைக்கிறோம். ஆங்கிலத்தில் ‘ரிப்பீட்டிங் வேரியபிள்’ எனப்படும் அவற்றுக்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே முன்மொழிந்த ‘மீள்மாறி’யில் எனக்கு உடன்பாடில்லை. வெப்ப இயக்கவியலில் ‘மீள் நிகழ்வு’ படித்துவிட்டு வரும் தமிழ்வழி பி.எஸ்சி. மாணவர், பழைய நிலைக்குத் திரும்பும் மாறி என்றே எடுத்துக்கொள்வார். ‘அடிப்படை மாறி’ என்றால் நிறை, நீளம், காலம் என்னும் அடிப்படை அளவுகளோடு குழம்பும். எல்லாக் கோவைக்கும் பொதுவாக நிற்பதால் ‘பொதுமாறி’ என்போம்.

விளக்கெண்ணெயில் எஃகுக் குண்டு போடும் ஸ்டோக்ஸ் சோதனையில் வைத்துப் பாருங்கள். குண்டை எண்ணெய் தடுக்கும் இழுவிசை, எண்ணெயின் அடர்த்தி, குண்டின் திசைவேகம், விட்டம், எண்ணெயின் பிசுக்குத்தன்மையைக் குறிக்கும் பாகியல் எண் என ஐந்து மாறிகள். அடிப்படைப் பரிமாணம் மூன்று. தேற்றப்படி ஐந்தில் மூன்று போக இரண்டு கோவைகள். ஒன்று எப்படியும் ரெனால்டு எண்தான் (அல்லது அதன் தலைகீழ்); அதாவது அடர்த்தி, திசைவேகம், விட்டம் ஆகியவற்றின் பெருக்கத்தைப் பாகியல் எண்ணால் வகுத்தது. அடர்த்தி, திசைவேகம், விட்டம் பொதுமாறிகளானால், மற்றது விசையை அடர்த்தி, திசைவேகத்தின் வர்க்கம், விட்டத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தது. அடர்த்திக்குப் பதில் பாகியல் எண்ணை எடுத்தால், விசையைப் பாகியல் எண், திசைவேகம், விட்டம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தது. இரண்டும் சரியே. ஆனால் ரெனால்டு எண் சிறிதாக இருக்கும்வரை பின்னது 3 பை (3π) என்று அசையாமல் நிற்கும், வரைபடத்தில் கிடைக்கோடு. முன்னது வளைகோடாகச் சரிந்துகொண்டே போகும். நீரில் வேகமாக விழும் குண்டுக்கு முன்னதே வசதி. மாணவருக்குப் புரியவேண்டியது இந்தத் தேர்வுதான்.

3 மி.மீ. குண்டுக்கு 30 டிகிரி செல்சியஸில் ரெனால்டு எண் சுமார் 0.5. மதுரைச் சித்திரை வெயிலில் ஆய்வகம் 35 டிகிரியைத் தொட்டால் எண்ணெய் இளகி, ரெனால்டு எண் 1-ஐ நெருங்கிவிடும். 3 பை என்ற மதிப்பு தப்பத் தொடங்கும். அப்போது 2 மி.மீ. குண்டுக்கு மாறுவது நல்லது. வெப்பநிலையை அறையில் அல்ல, எண்ணெயிலேயே அளக்கவேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: குண்டின் அடர்த்தியையும் பட்டியலில் சேர்த்துவிட்டு, இரண்டு அடர்த்திகளையும் பொதுமாறிகளாக்குவது. அவற்றின் விகிதமே பரிமாணமற்றது. அடுக்குகளுக்கான சமன்பாடுகள் தீராது. ஆகவே வரையறையை இப்படி வைக்கலாம்: ‘தங்களுக்குள் பரிமாணமற்ற பெருக்கம் அமையாதவையாய், எல்லாக் கோவைகளிலும் இடம்பெறத் தேர்ந்த மாறிகள்’. கண்டுபிடிக்கவேண்டிய அளவைப் பொதுமாறியாக எடுக்கக்கூடாது என்பதையும் கீழே சேர்க்கவேண்டும்.

கணினி நிரலில் குளோபல் வேரியபிளுக்கும் இதே சொல் வருமே என்று கேட்கலாம். அங்கே ‘முழுதளாவு மாறி’ என்று வைத்துக்கொண்டால் மோதல் இல்லை.