அதே வகுப்பில் இன்னொரு வருடம்: பெற்றோரிடம் பேசிய அனுபவங்கள்

தொடக்க வகுப்பு ஆசிரியை:

மூன்றாம் வகுப்புப் பையன். கதை சொல்லச் சொன்னால் வகுப்பே வாயைப் பிளந்து கேட்கும். புத்தகத்தைக் கொடுத்தால் ஒரு வரியை எழுத்துக்கூட்டுவதற்குள் வியர்த்துவிடும். முழுப்பரீட்சை வரை காத்திருக்காமல், அரையாண்டு முடிந்ததுமே அம்மா அப்பா இருவரையும் வரச்சொன்னேன். பையனை விளையாட அனுப்பிவிட்டேன். முடிவாகாத பேச்சு பிள்ளையின் காதில் விழவே கூடாது, அதில் நான் கறார்.

மதிப்பெண் அட்டையை எடுக்கவில்லை. வருடத் தொடக்கத்தில் அவன் எழுதிய நோட்டையும் இப்போதைய நோட்டையும் அருகருகே விரித்து வைத்தேன். அப்பா புரட்டிக்கொண்டே, "அப்போ ஃபெயில் ஆக்கப் போறீங்களா டீச்சர்?" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் சரியா கவனிக்கலைன்னுதான் எல்லாரும் பேசுவாங்க."

"எதுவும் முடிவாகலைங்க. கடைசி நேரத்துல தலையில இடி மாதிரி இறங்கக் கூடாதுன்னுதான் இப்பவே கூப்பிட்டேன்" என்றேன். கண், காது பரிசோதித்தாயிற்றா, வீட்டில் வேறு யாருக்காவது வாசிப்பு சிரமமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார்: "எனக்கும் சின்ன வயசுல வாசிக்க வராது. இன்னைக்கும் நீளமா இருந்தா திணறுவேன்."

பேச்சின் திசையே மாறிவிட்டது. டிஸ்லெக்சியா, அதாவது புத்தி இருந்தும் எழுத்தை வாசிப்பதில் மட்டும் சிரமம் தரும் குறைபாடு, பல குடும்பங்களில் தலைமுறையாக வருவது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அதே பாடத்தை அதே விதமாக இன்னொரு வருடம் நடத்திப் பயனில்லை. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துச் சொல்லித்தர வேண்டும். முதலில் மதிப்பீடு செய்துகொள்வோம், வகுப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பிரிந்தோம். 1989-ல் ஹோம்ஸ் என்ற ஆய்வாளர் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். அவற்றில் 54 ஆய்வுகளில், அதே வகுப்பில் நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாதகமான விளைவே தெரிந்தது. அதைப் படித்ததிலிருந்து, நிறுத்தலாமா என்ற கேள்விக்கு முன்னால் ஏன் தேங்கினான் என்ற கேள்விதான் எனக்கு வருகிறது.

ஒரு அம்மா:

எங்கள் கதை வேறு. உடல்நிலை காரணமாக மகள் பாதி வருடம் பள்ளிக்கே போகவில்லை. வகுப்பாசிரியர் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். "மறுபடி உக்காந்தா இந்த முறை என்ன வேற மாதிரி நடக்கும் சார்?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இருந்தது: விட்டுப்போன பாடங்கள் எவை, யார் எப்போது சொல்லித்தருவார், எந்த மாதம் திரும்பிப் பார்ப்போம் என்று எழுதியே வைத்திருந்தார். அந்தத் தாள் இல்லாவிட்டால் சம்மதித்திருக்க மாட்டேன். இன்று நன்றாகப் படிக்கிறாள். ஆனால் செய்தியைச் சொன்ன அன்று, "நான் மக்கா அம்மா?" என்று கேட்டாள். அதற்கு எந்தத் தாளிலும் பதில் இல்லை. நோயால் போன நாட்களைத்தான் திரும்ப எடுக்கிறோம் என்று பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளி ஆலோசகர்:

"நான் மக்கா?" என்ற அந்தக் கேள்வியைப் பல பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 1987-ல் வெளியான ஓர் ஆய்வில், பார்வை இழப்பதற்கும் பெற்றோரை இழப்பதற்கும் அடுத்தபடியாக, அதே வகுப்பில் மறுபடி உட்காருவதையே பிள்ளைகள் பெரிய துயரமாகச் சொன்னார்கள். அதனால் பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. விஷயம் உறவினர், நண்பர்கள் வழியாகப் பிள்ளைக்குப் போகக் கூடாது, நீங்களே முதலில் சொல்லுங்கள். இன்னொன்று, கையெழுத்துப் போடுமுன் அந்த அம்மா கேட்டது போலத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க முடியாத பள்ளியிடம், மேல் வகுப்புக்கு அனுப்பி அங்கே கூடுதல் உதவி தரச் சொல்லி வற்புறுத்துங்கள்.