350-லிருந்து 650: பழகின கைக்குத் தனிப் பயிற்சி வேணுமா?

மலைக்கோட்டை ரைடர்: அண்ணன்மாரே, காலேஜ் காலத்துல ஸ்பிளெண்டர், அதுக்கப்புறம் இத்தனை வருசமா ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அடுத்த மாசம் இன்டர்செப்டர் 650 கைக்கு வருது. 20 குதிரைத்திறன்லேருந்து ஒரே தாவா 47-க்குப் போறேன். வண்டி வந்ததும் கொல்லிமலை போலாம்னு நண்பர்கள் கூப்பிடுறாங்க. தனியா பழகணுமா, ஓட்ட ஓட்ட தானா வந்துடுமா?

ஆர்டி ராசா: தானா வந்துடும் தம்பி. அந்தக் காலத்துல ராஜ்தூத் ஆர்டி350 பைக் வந்தப்ப எங்களுக்கு யார் வகுப்பு எடுத்தா? 100 சிசி வண்டியிலேருந்து நேரா ஏறினோம். அது டூ ஸ்ட்ரோக், ஒரு கட்டத்துக்கு மேல பவர் குபீர்னு வரும், முறுக்கை விட்டதும் என்ஜினே வேகத்தைக் குறைக்கிற என்ஜின் பிரேக்கிங்கும் பேருக்குத்தான். உன்னோடது சாதுவான வண்டி, டார்க், அதாவது இழுவிசை, என்ஜின் மெதுவா சுத்துறப்பலேருந்தே சீரா வரும். பஸ் எப்ப வலது வாங்கும், நாய் எந்தப் பக்கம் பாயும்னு உனக்குத் தெரியும். சிசி கூடினா அந்த அறிவு போயிடாது.

கோவை ட்ராக்: ராசா அண்ணா, ரோடு தெரியும்ங்கிறது சரி. பிரச்சினை கையில. கிளாசிக்ல லாரியைத் தாண்டணும்னா முறுக்கிட்டுக் கொஞ்சம் காத்திருக்கணும். அந்தக் கணக்கு உடம்புல ஊறிப்போச்சு. 650-ல அதே முறுக்கு முறுக்கினா, மனசு எதிர்பார்க்கிறதுக்கு முன்னாடியே லாரியோட பம்பர்ல நிப்போம். வளைவுக்கும் அப்படித்தான். 60-ல வந்தவர் 90-ல வந்தா, பிரேக் மட்டும் நிறுத்துற தூரம் ரெண்டே கால் மடங்கு ஆகும். ஆனா கண்ணு பழைய இடத்துலதான் பிரேக் பிடிக்கச் சொல்லும். புதுசா ஓட்டுறவருக்குப் பயம் இருக்கு, முறுக்க மாட்டார். பழகினவருக்கு அந்தப் பயம் இல்லை. நான் கவலைப்படுறது அவருக்காகத்தான்.

ஆர்டி ராசா: முறுக்குறது நம்ம கைதானே? அளவா முறுக்கினா போச்சு. ரேஸ் ட்ராக் பாடத்தை ஊர் ரோட்டுக்குக் கொண்டுவராதீங்க.

நெல்லை மீனா: வேகத்தை விடுங்க அண்ணா, எடையை யாருமே சொல்லலை. முழு டேங்கோட 200 கிலோவுக்கு மேல. சரிவான இடத்துல யூ-டர்ன் போடுறப்ப, பெட்ரோல் பங்க்ல திருப்புறப்பதான் முதல்ல சாயும். பின்னாடி ஆள் உட்கார்ந்தா நிலைமை இன்னும் மாறும். பழகுற வரைக்கும் வீட்டுல யாரையும் ஏத்தாதீங்க.

சிங்கைச் செல்வம்: இங்க சிங்கப்பூர்ல 200 சிசி வரைக்கும் 2பி உரிமம். ஒரு வருசம் கழிச்சு 400 வரைக்கும் 2ஏ, இன்னொரு வருசம் கழிச்சுத்தான் அதுக்கு மேல. ஒவ்வொரு படிக்கும் தனித் தேர்வு. இந்தியாவுல கியர் வண்டிக்கு ஒரே உரிமம், 100 சிசிக்கும் 1000 சிசிக்கும் அதுவே போதும். அரசாங்கம் கேட்காத படியை நாமதான் போட்டுக்கணும்.

ஆர்டி ராசா: உரிமத்துல படி இருந்தா மட்டும் கை திருந்திடுமா செல்வம்? வருசக்கணக்கா நம்ம ரோட்டுல ஓட்டின தம்பியைக் கத்துக்குட்டி மாதிரி நடத்துறது சரியில்லை.

கோவை ட்ராக்: கத்துக்குட்டின்னு சொல்லலை அண்ணா. புது என்ஜினைப் பழக்குற ரன்-இன் காலத்துல எப்படியும் அடக்கித்தான் ஓட்டணும், அதை வீணாக்க வேண்டாம்ங்கிறேன். ஆள் இல்லாத நேரான ரோட்டுல 40, 60, 80-னு ஏத்தி, ஒவ்வொரு வேகத்துலயும் முன் பிரேக்கைப் படிப்படியா அழுத்தி, முழுசா நிறுத்திப் பார்க்கட்டும். சக்கரம் பூட்டிக்காமப் பார்த்துக்கிற ஏபிஎஸ் பிரேக் துடிக்கிறதை முதன்முதலா அவசரத்துல உணரக் கூடாது. இந்த வண்டியில, முறுக்குறப்ப பின் சக்கரம் வழுக்காமத் தடுக்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. ஈர ரோட்டுல வளைவுலேருந்து வெளிய வர்றப்ப வெடுக்னு முறுக்கினா பின் டயர் வழுக்கும், ஏபிஎஸ் அங்க உதவாது.

மலைக்கோட்டை ரைடர்: அப்ப கொல்லிமலை?

கோவை ட்ராக்: காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி. முன்னால போறவர் வேகத்தைப் பிடிக்கணும்னு தோணும், அங்கதான் பழைய கணக்கு ஏமாத்தும். முதல் பயணமா வேண்டாம்.

ஆர்டி ராசா: கூட்டமாப் போக வேண்டாம், அதை ஒத்துக்கிறேன். ஆனா மலையே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். விடியக்காலையில தனியாப் போ தம்பி. ரெண்டாவது கியர், பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே முடிச்சிடு. மலையில கத்துக்கிற நிதானம் நேர் ரோட்டுல வராது.

கோவை ட்ராக்: ரன்-இன் முடியட்டும், நேர் ரோட்டுல பிரேக் கைக்கு வரட்டும். அதுவரைக்கும் தனியாவும் மலை வேண்டாம்ங்கிறதுதான் என் கட்சி. இறங்குறப்ப 70 தடவை அந்த பிரேக்கைத்தான் நம்பணும்.